சீட்டுக்கட்டும் திட்ட விலக்கமும்: போக்கர் ஆட்டக்காரர்கள் திருடனைப் பிடித்த கதை



பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் என்று ஒரு கணக்கு வரும், ஞாபகம் இருக்கிறதா? சராசரியைக் கண்டுபிடி, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் கழி, வர்க்கப்படுத்து, கூட்டு, வகு, வர்க்கமூலம் எடு. அஞ்சு மார்க் நிச்சயம். "இதை எதுக்குப் படிக்கணும்?" என்று அப்போது எனக்குத் தோன்றியதுண்டு. உங்களுக்கும் தோன்றியிருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் எனக்குப் பல வருடம் கழித்து, சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைத்தது. அந்த இடம் சீட்டாட்டம்!

இணையத்தில் பணம் வைத்து போக்கர் ஆடியவர்கள், எதிராளியைப் புரிந்துகொள்வதற்காகப் புள்ளிவிவரம் சேர்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் அதே புள்ளிவிவரம், கோடிக்கணக்கில் நடந்த ஒரு மோசடியை வெளியே கொண்டு வந்தது. அந்த வரலாறுதான் இன்றைய கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் சூதாடச் சொல்லி இதை எழுதவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அதற்கு முன்பே 2022-இல் தமிழக சட்டமன்றம் இணைய ரம்மியையும் போக்கரையும் தடுக்கச் சட்டம் போட்டது. அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் அது செல்லாது என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எனவே இதை வரலாறாக மட்டும் படியுங்கள்.

போக்கர் என்றால் என்ன?

நம் ஊரில் ரம்மி தெரிந்த அளவுக்கு போக்கர் தெரியாது. அதனால் சுருக்கமாக. இன்று அதிகம் ஆடப்படும் வகைக்கு டெக்சாஸ் ஹோல்டெம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, யாருக்கும் தெரியாமல் கொடுப்பார்கள். பிறகு மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக, முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று எனத் திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகிவிடலாம்.

இந்த ஆட்டத்தின் உயிரே அந்த மறைவான இரண்டு சீட்டுகள்தான். கையில் ஒன்றுமே இல்லாதவன் பெரிய தொகையைத் தள்ளி மற்றவர்களைப் பயமுறுத்தி விலக வைக்கலாம். அதற்கு ப்ளஃப் என்று பெயர். நல்ல சீட்டு வைத்திருப்பவன் ஒன்றும் தெரியாதவன் போல் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே போக்கரில் முதல் கேள்வி "என்னிடம் என்ன சீட்டு?" என்பதல்ல, "எதிரில் இருப்பவன் எப்படிப்பட்டவன்?" என்பதுதான்.

முகத்தைப் படித்த காலம்

அந்தக் கேள்விக்கு மனிதர்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் பதில் தேடினார்கள்.

கணித மேதை ஜான் வான் நியூமன் 1928-இல் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து அவர் எழுதிய பெரிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. ப்ளஃப் என்பது குறும்போ வீரமோ இல்லை, கணக்குப்படி செய்தே ஆக வேண்டிய ஒன்று என்று அதில் காட்டினார். ஆனால் அதைப் படித்துவிட்டு சீட்டாடப் போனவர்கள் மிகக் குறைவு!

ஆடுபவர்கள் நம்பியது கண்ணையும் காதையும். 1984-இல் மைக் கேரோ என்ற ஆட்டக்காரர் எதிராளியின் உடல் அசைவுகளை வைத்து அவன் சீட்டை ஊகிப்பது எப்படி என்று ஒரு புத்தகமே போட்டார். இதே கேரோதான் அதற்கு முன்பு, 1970-களின் இறுதியில், டாயில் பிரன்சனின் புகழ்பெற்ற போக்கர் நூலுக்கு நிகழ்தகவு அட்டவணைகளைக் கணக்கிட்டுக் கொடுத்தவர். ஒரு கையில் எண், மறு கையில் முகம்!

ஆனால் அந்த எண்களெல்லாம் சீட்டைப் பற்றியவை. இரண்டு சீட்டுமே ஏஸாக வர வாய்ப்பு 221-இல் ஒன்று என்பது போல. மனிதனைப் பற்றிய எண் யாரிடமும் இல்லை. இருக்கவும் முடியாது. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 30 ஆட்டம் போகும். எட்டு மணி நேரம் ஆடினாலும் 240 ஆட்டம். அதை யார் உட்கார்ந்து எழுதி வைப்பது?

எண்கள் வந்த காலம்

1998 ஜனவரி 1 அன்று பிளானட் போக்கர் என்ற தளத்தில் முதன்முதலாக இணையத்தில் உண்மையான பணத்துக்கு போக்கர் தொடங்கியது. ஒரே நாளில் இரண்டு விஷயம் மாறிப்போனது. ஒன்று, முகம் மறைந்துவிட்டது. இரண்டு, ஒவ்வொரு ஆட்டமும் எழுத்து வடிவில் கணினியில் பதிவாகத் தொடங்கியது.

முகம் போனதால் நம்பிக்கை என்ற பிரச்சினையும் கூடவே வந்தது. 1999-இல் நடந்த ஒரு சம்பவம் வேடிக்கையானது. பிளானட் போக்கரின் மென்பொருளை எழுதிய நிறுவனம், "எங்கள் சீட்டுக் கலைப்பு நேர்மையானது, நீங்களே பாருங்கள்" என்று அந்த நிரலை வெளியிட்டது. அமெரிக்காவில் கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் உண்மையாகவே பார்த்தார்கள்! 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளை எழுதினால் 68 இலக்க எண் வரும். ஆனால் இந்த நிரல், நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி வினாடி ஆகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கலைப்பைத் தொடங்கியது. ஒரு நாளுக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம் மில்லி வினாடிதான். கடிகாரத்தை ஓரளவு ஒத்துப்போக வைத்தால் சுமார் 2 லட்சம் வழிகள்தான் மிஞ்சும். தன் இரண்டு சீட்டும் நடுவில் திறந்த மூன்று சீட்டும் தெரிந்தால் மற்ற எல்லோருடைய சீட்டையும் சொல்லிவிடலாம். அவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். நல்லவேளை, நல்லவர்கள் கையில் சிக்கியது. நிரலும் திருத்தப்பட்டது.

2001-இல் போக்கர் டிராக்கர் என்ற மென்பொருள் வந்தது. கணினியில் சேர்ந்து கிடந்த ஆட்டப் பதிவுகளையெல்லாம் எடுத்து, நாம் எதிர்கொண்ட ஒவ்வொருவரைப் பற்றியும் எண்களாகத் தொகுத்துக் கொடுத்தது. 2003-இல் டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய ஒரு தகுதிப் போட்டி வழியாக லாஸ் வேகஸ் உலகப் போட்டிக்குப் போய், 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். (பெயரே மணிமேக்கர்! நிஜப் பெயர்தான்.) அவ்வளவுதான், ஊரே போக்கர் ஆடக் கிளம்பிவிட்டது. 2006-இல் அதே போட்டியில் 8,773 பேர் கலந்துகொண்டார்கள். இணையத்தில் நான்கு மேசை, எட்டு மேசை என்று ஒரே நேரத்தில் ஆடுபவர்கள் ஒரே மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டம் பார்த்தார்கள். பழைய ஆட்டக்காரர் ஒருவர் வருடக் கணக்கில் பார்த்ததை ஓர் இளைஞன் சில மாதங்களில் பார்த்துவிட்டான்.

எண்ணைப் பார்த்து ஆட்டத்தை மாற்றுவது எப்படி?

என்னென்ன எண்கள்? முக்கியமானது வி.பி.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது. கட்டாயப் பந்தயம் நீங்கலாக, ஒருவர் தானாக விரும்பி எத்தனை சதவீத ஆட்டங்களில் பணம் போடுகிறார் என்பது அதன் பொருள். அடுத்தது பி.எஃப்.ஆர். முதல் சுற்றிலேயே எத்தனை சதவீதம் பந்தயத்தை ஏற்றுகிறார் என்பது. இவை தவிர, கடைசி வரை நின்று சீட்டைக் காட்டுவது எவ்வளவு, ஏற்றுவதற்கும் வெறுமனே ஈடு கொடுப்பதற்கும் உள்ள விகிதம் எவ்வளவு என்று இன்னும் பல.

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஆள்: வி.பி.ஐ.பி. 45, பி.எஃப்.ஆர். 5. கிட்டத்தட்ட பாதி ஆட்டத்தை விட மனசில்லை, ஆனால் ஏற்றவும் மாட்டார். யார் எவ்வளவு கட்டினாலும் "சரி, பார்ப்போம்" என்று கூடவே வருவார். இவரிடம் ப்ளஃப் செய்வது வீண், அவர் விலகவே மாட்டார். நல்ல சீட்டு வந்தால் மட்டும் தாராளமாகக் கட்ட வேண்டும்.

இரண்டாம் ஆள்: வி.பி.ஐ.பி. 12, பி.எஃப்.ஆர். 10. பத்துக்கு ஒன்பது முறை விலகிவிடுவார். இவருடைய கட்டாயப் பந்தயத்தை அடிக்கடி தட்டிக்கொள்ளலாம். ஆனால் இவர் எதிர்த்து ஏற்றினால் மரியாதையாக ஒதுங்கிவிட வேண்டும்.

மூன்றாம் ஆள்: வி.பி.ஐ.பி. 60, ஏற்றுவதும் எக்கச்சக்கம். எந்தச் சீட்டு வந்தாலும் ஆடுபவர். ஆட்டக்காரர்கள் பார்வையில் இவர் வீடு தேடி வந்த லட்சுமி! கொஞ்சம் பொறுமையாக இருந்து, சுமாரான சீட்டு இருந்தாலும் விலகாமல் ஈடுகொடுத்தால் இவருடைய பணம் நம் பக்கம் வரும். இந்த மூன்றாவது ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இவர் மறுபடி வருவார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எத்தனை ஆட்டம் பார்த்து இந்த எண்ணைச் சொல்கிறோம்? 20 ஆட்டத்தில் 9 முறை பணம் போட்டவருக்கு 45 என்று திரையில் காட்டும். உண்மையில் அவர் 25 சதவீதம் ஆடும் சாதாரண ஆளாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மை மதிப்பு 25 என்றால், 20 ஆட்டத்தில் வரக்கூடிய திட்டப்பிழை ஏறத்தாழ 10 சதவீதம். அதாவது 45 என்பது இரண்டு பங்கு விலகல்தான், நாலு சீட்டு நன்றாக வந்தால் நடக்கக்கூடியதே. 100 ஆட்டம் பார்த்தால் பிழை 4 சதவீதமாகக் குறையும். 1,000 ஆட்டத்தில் 1.4 சதவீதம்.

லாபத்தைக் கணிப்பது இதைவிடக் கஷ்டம். ஆறு பேர் மேசையில் 100 ஆட்டத்துக்கு 5 கட்டாயப் பந்தயம் அளவு லாபம் பார்ப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அந்த 100 ஆட்டத்தில் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் சுமார் 90! 10,000 ஆட்டம் ஆடிய பிறகும் பிழை 9 இருக்கும். லாபம் 5, பிழை 9. பத்தாயிரம் ஆட்டம் ஆடியும் தான் கெட்டிக்காரனா, அதிர்ஷ்டசாலியா என்று ஒருவனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு லட்சம் ஆட்டம் ஆடினால்தான் பிழை 3-க்குக் கீழே வரும்.

ஆக, இந்த மென்பொருள் ஆட்டக்காரர்களுக்கு எண்களைக் கொடுத்ததைவிட, "எத்தனை ஆட்டம் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேட்கும் பழக்கத்தைக் கொடுத்தது என்பேன். எதிராளியைக் கணிக்கும்போதும் அதே கேள்வி, தன்னைக் கணிக்கும்போதும் அதே கேள்வி. அடுத்து நடந்தது எல்லாம் அந்தப் பழக்கத்தால்தான்.

2007: ஒரு முட்டாள் ஜெயித்துக்கொண்டே இருந்தான்

அப்சல்யூட் போக்கர் என்ற தளம் கோஸ்டா ரிகாவிலிருந்து இயங்கியது. கனடாவில் மான்ட்ரியல் அருகே மோஹாக் பழங்குடியினரின் கானவாகே பகுதி இருக்கிறது. அங்கே 1996-இல் அமைக்கப்பட்ட சூதாட்ட ஆணையம்தான் இந்தத் தளத்துக்கு உரிமம் கொடுத்திருந்தது.

2007 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அங்கே பெரிய தொகைக்கு ஆடியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சில கணக்குகள் எந்தச் சீட்டு வந்தாலும் ஆடின. சற்று முன் சொன்ன மூன்றாவது ஆள்! எண்ணைப் பார்த்தால் முட்டாள். அனுபவசாலிகள் சந்தோஷமாக எதிரில் உட்கார்ந்தார்கள். பாடத்தில் சொன்னபடி ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் பணம் எதிர்ப்பக்கமே போய்க்கொண்டிருந்தது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். எதிராளி அடிக்கடி ப்ளஃப் செய்தால் அதிகமாக ஈடுகொடுக்க வேண்டும், அடிக்கடி விலகினால் நாம் ப்ளஃப் செய்ய வேண்டும் என்பதெல்லாம், அவனுக்கு நம் சீட்டு தெரியாது என்ற ஒரே அஸ்திவாரத்தின் மேல் நிற்பவை. நம் சீட்டு தெரிந்தவனிடம் எந்த மாற்றமும் பலிக்காது. நாம் நல்ல சீட்டு வைத்திருந்தால் விலகிவிடுவான். ப்ளஃப் செய்தால் ஈடுகொடுப்பான். அவனுடைய வி.பி.ஐ.பி. அதிகமாக இருந்ததற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல. எல்லார் சீட்டும் தெரிந்தவன் எதற்காக விலக வேண்டும்?

2007 செப்டம்பரில் நடந்த 1,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டி ஒன்றில் பாட்ரிப்பர் என்ற புனைபெயர்க்காரர் முதலிடம் பிடித்தார். கடைசி ஆட்டத்தில், கையில் வெறும் பத்து மட்டுமே பெரிய சீட்டாக இருக்க, எதிராளியின் மொத்தப் பந்தயத்துக்கும் ஈடுகொடுத்து ஜெயித்தார். எதிராளியிடமும் ஒன்றும் இல்லை. ஆனால் அது இவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் இடம் வந்தவர் போட்டியின் ஆட்டப் பதிவை அனுப்பும்படி நிறுவனத்தைக் கேட்டார். வழக்கமாக அவரவர் சீட்டு மட்டுமே தெரியும் பதிவைத்தான் அனுப்புவார்கள். நிறுவனத்திலிருந்து வந்ததோ ஒரு பெரிய எக்செல் கோப்பு. அதில் எல்லோருடைய சீட்டும் இருந்தது! மேசையை வேடிக்கை பார்த்தவர்களின் கணக்கு எண்கள்கூட இருந்தன. தவறுதலாகவா, உள்ளேயிருந்த நல்ல மனசுக்காரர் யாராவது வேண்டுமென்றே அனுப்பினாரா என்பது அன்று பெரிய பேச்சாக இருந்தது.

அந்தக் கோப்பை ஆட்டக்காரர்கள் வரிவரியாகப் படித்தார்கள். பாட்ரிப்பர் முதல் இரண்டு ஆட்டங்களில் விலகியிருக்கிறார். பிறகு 363 என்ற எண்ணுள்ள ஒரு கணக்கு அந்த மேசையைப் பார்க்க வருகிறது. அதன்பின் இருபது நிமிடம் அவர் முதல் சுற்றில் ஒரு முறைகூட விலகவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை விலகுகிறார். அந்த ஆட்டத்தில் வேறொருவர் கையில் இரண்டு ராஜா!

முதலில் நிறுவனம் இப்படி நடக்கவே வாய்ப்பில்லை என்று மறுத்தது. 363 என்ற கணக்கின் தடம் நிறுவனத்தின் பக்கமே திரும்பியபோது வேறு வழியில்லை. 2007 அக்டோபரில், உள்ளே இருந்த நம்பிக்கைக்குரிய ஒருவர் செய்த வேலை என்று ஒப்புக்கொண்டது. சுமார் 16 லட்சம் டாலர் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. 2008 ஜனவரியில் கானவாகே ஆணையம் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

2008: இந்த முறை கோப்பு இல்லை, கணக்கு மட்டும்தான்

கதை அதோடு முடியவில்லை. அதே உரிமையாளரின் கீழ் அல்டிமேட்பெட் என்று இன்னொரு தளம் இருந்தது. அங்கே நியோநியோ என்ற புனைபெயர்க்காரர் மேல் 2008 ஜனவரியில் சந்தேகம் எழுந்தது. இங்கே எக்செல் கோப்பு எதுவும் தவறி வந்து விழவில்லை. ஆட்டக்காரர்களிடம் இருந்தது, அவரவர் கணினியில் சேர்ந்து கிடந்த பதிவுகள் மட்டுமே. அவற்றை ஒன்றாகத் திரட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் நம் பத்தாம் வகுப்புக் கணக்கு மேடை ஏறுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் ஜோசெம், திரட்டிய பதிவுகளை வைத்து நியோநியோவின் லாப விகிதத்தை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டார். சாதாரண ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் எறும்புக் கூட்டம் போல் குவிந்திருக்க, இந்த ஆள் மட்டும் எங்கோ வானத்தில் தனியாக நின்றார். சராசரியிலிருந்து சுமார் 10 திட்ட விலக்கம் மேலே!

10 என்பது பெரிதா? பொறுங்கள், சந்தேகப்பட வேண்டிய விதத்திலும் சந்தேகப்படுவோம். ஒரு லட்சம் பேர் நேர்மையாக ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அவர்களில் 135 பேர் 3 திட்ட விலக்கத்துக்கு மேல் இருப்பார்கள். அந்த 135 பேரையும் திருடன் என்று சொன்னால் அது அநியாயம். ஆயிரம் பேர் தோற்கும் மேசையில் ஜெயித்த ஒருவனைக் காட்டி "இவன் ஏமாற்றுகிறான்" என்று சொல்வது சுலபம், தோற்ற வயிற்றெரிச்சல் அப்படித்தான் பேசும். 5 திட்ட விலக்கம் என்றால் 35 லட்சத்தில் ஒருவர். இன்னும்கூட "எங்கோ ஒருவருக்கு நடந்திருக்கலாம்" என்று வாதாடலாம். 10 என்று வந்துவிட்டால்? பத்து லட்சத்தில் ஒருவருக்கு விழும் லாட்டரிப் பரிசு, ஒரே ஆளுக்குக் கிட்டத்தட்ட நான்கு முறை தொடர்ந்து விழுவது போல. உலகத்தில் உள்ள அத்தனை பேரும் வாழ்நாள் முழுக்க போக்கர் ஆடினாலும் அதிர்ஷ்டத்தால் நடக்காது.

போக்கரில் லாப நஷ்டம் பாடப்புத்தகத்தின் மணி வடிவ வளைவை அச்சு அசலாகப் பின்பற்றாது என்பது உண்மைதான். கொஞ்சம் பிசகலாம். ஆனால் 3-க்கும் 4-க்கும் நடுவே வேண்டுமானால் அந்தப் பிசகு முக்கியம். 10-க்கு முன்னால் அது எடுபடாது.

2008 மே மாதம் நிறுவனம் மோசடியை ஒப்புக்கொண்டது. எதிராளிகளின் மறைவான சீட்டுகளைக் காட்டும் ஒரு ரகசிய வசதி மென்பொருளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. 2008 செப்டம்பரில் கானவாகே ஆணையம், இந்த மோசடியின் முக்கியப் பொறுப்பாளி ரஸ் ஹாமில்டன் என்று அறிவித்தது. யார் அவர்? 1994 உலகப் போட்டியின் சாம்பியன்! பத்து லட்சம் டாலரோடு தன் எடைக்கு எடை வெள்ளியும் பரிசாக வாங்கியவர். மோசடி 2004 மே முதல் 2008 ஜனவரி வரை நடந்தது என்று ஆணையம் கண்டது. 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் ஆட்டக்காரர்களுக்குத் திரும்பப் போனது. 2008 நவம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் 60 மினிட்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இதை விரிவாக வெளிக்கொண்டு வந்தன. இவ்வளவுக்கும் பிறகு யார் மேலும் குற்றவழக்குப் பதிவாகவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தால்...

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு தளங்களின் உரிமையாளராக இருந்த ஜோசப் நார்ட்டன், கானவாகே பகுதியின் முன்னாள் தலைவர். ஆணையம் அமைக்கப்பட்ட காலத்தில் அந்தத் தலைவர் பதவியில் இருந்தவர் அவரே. இப்படி இருக்கும்போது கண்காணிப்பு எவ்வளவு கறாராக நடக்கும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான்கு வருடம் நடந்த மோசடியை முதலில் கண்டுபிடித்தது உரிமம் கொடுத்த ஆணையம் இல்லை, தணிக்கையாளர் இல்லை, போலீஸ் இல்லை. பணம் இழந்தவர்களே கண்டுபிடித்தார்கள்.

எப்படி முடிந்தது? அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆனால் தங்கள் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். சிறிய மாதிரியை நம்பக்கூடாது என்று பல தோல்விகளில் கற்றிருந்தார்கள். எதிராளி எவ்வளவு ஆடுகிறார், எவ்வளவு ஜெயிக்கிறார் என்ற இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்திருந்தார்கள். தினமும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளப் பயன்பட்ட அதே அறிவு, ஒருநாள் "இந்த ஆட்டத்தில் எதை மாற்றினாலும் ஜெயிக்க முடியாது, ஏனென்றால் இது ஆட்டமே இல்லை" என்று சொல்லவும் பயன்பட்டது.

பிறகு என்ன ஆனது?

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை பெரிய போக்கர் தளங்களின் மேல் வழக்குத் தொடர்ந்து முகவரிகளை முடக்கியது. போக்கர் உலகம் அதைக் கறுப்பு வெள்ளி என்கிறது. மேலே சொன்ன இரண்டு தளங்களும் அதோடு கவிழ்ந்தன. அப்சல்யூட் போக்கரில் பணம் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்கள் அதைக் கேட்டு விண்ணப்பிக்கவே 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புள்ளிவிவர மென்பொருளுக்கும் எதிர்ப்பு கிளம்பியது. புதிதாக வருபவர் வெறுங்கையோடு உட்கார, எதிரில் இருப்பவர் திரை முழுக்க எண்களோடு உட்கார்ந்தால் அது சமமான ஆட்டமா? நியாயமான கேள்வி. 2019-இல் பார்ட்டிபோக்கர் தளம் ஆட்டத்தின்போது எண்களைத் திரையில் காட்டும் மென்பொருள்களுக்குத் தடை போட்டு, எல்லோருடைய புனைபெயரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னது. பெயரே தெரியாத மேசைகளையும் சில தளங்கள் கொண்டு வந்தன. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது பாருங்கள். பதிவும் பெயரும் ஆட்டக்காரர் கையில் இல்லை என்றால், நாளை இன்னொரு நியோநியோ வந்தால் வெளியில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த வேலையை முழுக்கத் தளத்திடமே ஒப்படைக்க வேண்டியதுதான். புதியவரைக் காப்பாற்றும் விதியே திருடனுக்கும் போர்வையாகலாம்.

இதற்கிடையில் கணினியும் களத்தில் இறங்கியது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் இருவர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டெம் ஆட்டத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல், வரம்பில்லாத ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடித் தோற்கடித்தது. எதற்கு 1,20,000? நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதற்குக் குறைவாக ஆடியிருந்தால் "அதிர்ஷ்டம்" என்று சொல்லியிருப்பார்கள்!

முடிவாக...

எண்கள் பொய் சொல்லாது என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 20 ஆட்டத்தில் வந்த எண் தாராளமாகப் பொய் சொல்லும். "இவன் முட்டாள், எதிரில் உட்கார்" என்று சொன்னதும் எண்தான். எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல், "எத்தனை முறை பார்த்தோம்? மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது? வேறு எண்ணோடு முரண்படுகிறதா?" என்று கேட்டவர்கள்தான் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். தேர்தல் கருத்துக்கணிப்பைப் படிக்கும்போதும், புது மருந்தின் விளம்பரத்தைப் பார்க்கும்போதும், "எங்கள் மையத்தில் படித்தவர்கள் எல்லோரும் பாஸ்" என்ற சுவரொட்டியைப் பார்க்கும்போதும் இதே மூன்று கேள்வி போதும்.

வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பியோ தங்கையோ "திட்ட விலக்கம் எதுக்கு?" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அஞ்சு மார்க்குக்கும் ஆகும், 2 கோடியே 20 லட்சம் டாலருக்கும் ஆகும்!